காற்றுப் புகாத பெட்டி

இலஞ்சி,
சாரல் விடாத ஒரு திங்கள்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் காமராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை பொன்செல்வியின் கணவன் ரத்தினம் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே இருவரும் சுகம். துணிமணிதான் ஒரு வாரமாகக் காயவில்லை. கடையத்தில் மதினியும் பிள்ளைகளும் சுகம் என்றே நம்புகிறேன்.

"மாப்பிள, காது கேக்காதவ இருக்க வீட்டுல சப்வூஃபர் எதுக்கு?" என்று போனில் கேட்டீர்கள். பொன்செல்வி பக்கத்தில் நின்றாள். கேட்காது என்றாலும் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது சொல்கிறேன். அவள் சர்ச் பாடகர் குழுவை விட்டதற்கு, உங்களிடம் சொன்ன முழங்கால் வலி காரணமில்லை. ஒரு நாள் எல்லாரும் ஒரு வரி பாடி முடித்தபிறகு இவள் ஆரம்பித்தாள், குழுவை நடத்துகிற ரூபி டீச்சர் திரும்பிப் பார்த்தார். அன்றையிலிருந்து கடைசி பெஞ்சுதான். காதுக்கு வாங்கிய மிஷினும் விசிலடிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். காதுக்கு எட்டாத தாளம் கைக்காவது எட்டட்டுமே என்றுதான் தாளத்தை அதிரவைக்கிற இந்தப் பெட்டி.

ஓட்டை வைத்த பெட்டியில் சத்தம் அதிகம், தாளத்தின் அடி கொழகொழவென்று இழுக்கும். முழுக்க மூடிய பெட்டியில் சத்தம் கம்மி, அடி நறுக்கென்று நிற்கும். எனக்கு வேண்டியது அந்த நறுக்கு. ஸ்பீக்கருக்கு நாற்பது லிட்டர் காற்று என்று கணக்குப் போட்டு, அலமாரி செய்கிற வேல்சாமியிடம் பிளைவுட்டைக் கொடுத்தேன். மனுஷன் அருமையாகச் செய்து, பின்பக்கம் இரண்டு ஓட்டையும் போட்டுக் கொண்டுவந்தார். ஏன் என்று கேட்டால், "குத்தாலத்துச் சாரலுக்கு ஓட்டை இல்லாம அடைச்சா உள்ள பூசணம் பூத்திரும் அண்ணாச்சி" என்கிறார். அதை எம்-சீல் வைத்து அடைத்தேன். ஸ்பீக்கரை மாட்டி, கூம்பை மெல்ல அமுக்கினால் மெதுவாகத் திரும்பி வரணும், டப்புன்னு வந்தது; எங்கேயோ காத்து கசியுதுன்னு அர்த்தம். மூலையெல்லாம் சிலிகான் பூசினேன். அப்புறம்தான் நான் வெளி அளவுக்குக் கணக்குப் போட்டிருக்கேன், பலகையோட தடிமனையே மறந்துட்டேன்னு தெரிஞ்சது. இடம் பத்தல. பஞ்சை அடைச்சா சின்னப் பெட்டி கொஞ்சம் பெரிய பெட்டி மாதிரி நடந்துக்கும்னு படிச்சு, நீங்க வந்தா படுக்கிற தலையணையைப் பிரிச்சுட்டேன். மன்னிக்கணும்.

நேத்து சாயங்காலம் அவளுக்குப் பழக்கமான கீர்த்தனையைப் போட்டு, கையைப் பிடிச்சுப் பெட்டி மேல வச்சேன். முகத்துல ஒண்ணுமே இல்ல. 'நடுங்குது'ன்னு சொன்னா, கரண்ட் அடிக்குமான்னு கேட்டா, அடுப்பைப் பார்க்கப் போயிட்டா. எனக்கு அழுகையே வந்துட்டு மச்சான். பெட்டியை உங்கள் மகனே வைத்துக்கொள்ளட்டும், புதன்கிழமை உங்கள் டெம்போவை அனுப்புங்கள்.

உங்கள் வீட்டாரைக் கர்த்தர் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். மதினியை மழையில் நனைய வேண்டாமென்று சொல்லவும்.

இப்படிக்கு,
ரத்தினம்

பி.கு.: புதன்கிழமை டெம்போ வேண்டாம். கவரை ஒட்டப் போகும்போது ஜன்னல் கிடுகிடுத்தது. உள்ளே போனால், அவளே பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து பெட்டியில் உள்ளங்கையைப் பதித்துப் பாடிக்கொண்டிருக்கிறாள். சுருதி கொஞ்சம் அப்படி இப்படித்தான். ஆனால் ஒரு வரியிலும் பிந்தவில்லை. என்னைப் பார்த்ததும், "பாட்டு கேக்கல. எங்க எடுக்கணும்னு கைக்குத் தெரியுது" என்றாள். டெம்போவை ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆராதனைக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். பெட்டியோடுதான் சர்ச்சுக்கு வருவாளாம்.