குழந்தைப் பிரதிநிதி சிரித்த நாள்

“குழந்தையா இருந்த அனுபவம் எத்தனை வருஷம்மா?”

குழந்தை இலக்கியத்தின் வருங்காலத்தையே தோளில் சுமந்துகொண்டிருந்த ஒரு மாத இதழின் ஆசிரியர், கதை எழுதும் வேலை கேட்டு வந்த அவளிடம் இப்படிக் கேட்டார். மனித குலம் இதுவரை கேட்ட கேள்விகளிலேயே ஆழமானது இது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

“பதிமூணு வருஷம் சார்,” என்றாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்ட அன்றே அவளுக்கு அந்த உத்தியோகம் போய்விட்டது.

“சர்டிபிகேட்?”

“இல்லை சார்.”

“பரவாயில்லை. ஃப்ரீலான்ஸ்தானே!”

என்ன பெருந்தன்மை!

கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த கதை நோட்டுகளை அக்கா போன வாரம்தான் கண்டுபிடித்திருந்தாள். “எழுதிக் கிழிச்சது போதும்டி. இந்த மாசத்துக்குள்ள இதுல ஒரு வேலை கிடைக்கலைன்னா, ஒண்ணாம் தேதியிலேருந்து எங்கூட துணிக்கடைக்கு வர்றே” என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. மாதத்தில் மிச்சம் இரண்டு நாள்.

அறை மூலையில், முழங்கால் உயர நாற்காலியில், வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருவர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

“நம்ம குழந்தைப் பிரதிநிதி. இதழ் ஆரம்பிச்சப்போ ஒன்பது வயசுல சேர்ந்தார். நிரந்தரப் பதவி. அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட்.”

“நிஜக் குழந்தைங்க யாரும் வர மாட்டாங்களா சார்?”

“சத்தம் போடுவாங்கம்மா.”

எவ்வளவு தொலைநோக்கு! நாற்பத்தெட்டு வருடமாக ஒவ்வொரு கதையையும் அவர் கேட்டு, ‘மகிழ்ந்தேன்’ என்று முத்திரை குத்திய பிறகே அது அச்சுக்குப் போகும்.

அவள் தன் கதையைத் தயங்கித் தயங்கி வாசித்தாள். ஒரு யானைக்கு விக்கல். ஒவ்வொரு விக்கலுக்கும் எதிரே நிற்பவரின் தொப்பி பறக்கும். காவல் நிலையத்தில் எல்லாத் தொப்பியும் பறந்துவிட, யார் அதிகாரி என்று தெரியாமல் எல்லோரும் எல்லோருக்கும் சல்யூட் அடிக்கிறார்கள். திருடனுக்கும்.

பிரதிநிதியின் வயிறு குலுங்கியது. கண்ணாடி நழுவியது. பிறகு அவரே நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உருண்டார். முத்திரை மேசைக்கடியில் ஓடிவிட்டது.

“என்னய்யா இது, ஆபீஸ்ல!” ஆசிரியர் எழுந்துவிட்டார். “என்ன நீதி கத்துக்கிட்டே? படிவத்துல எழுதணும்.”

“ஒண்ணும் கத்துக்கலை சார்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாப்பா, அப்புறம் யானை என்ன பண்ணிச்சு?”

அந்த அலுவலக வரலாற்றில் ‘அப்புறம்’ என்று யாரும் கேட்டது அதுவே முதல் முறை.

ஆசிரியர் அவள் பக்கம் குனிந்தார். “உனக்கு நடை நல்லா வருது. மாசம் நாலு கதை எழுத வாய்ப்புத் தர்றேன். விக்கலை மட்டும் எடுத்துடு. போலீசை எடுத்துடு. நீதி ஒண்ணு சேர்த்துடு. இங்கேயே மாத்திக் குடுத்தா இன்னிக்கே ஆர்டர்.”

விக்கலை எடுத்தால் மிஞ்சுவது வெறும் யானை. அது அவளுக்குத் தெரியும். துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரமும் நிற்க வேண்டும் என்பதும் தெரியும். பேனாவை எடுத்தாள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

“பிரமாதம்! இன்னிலேருந்து நீ குழந்தை எழுத்தாளர்!” ஆசிரியர் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

பிரதிநிதி தரையிலேயே சம்மணம் போட்டுக் காத்திருந்தார். “பாப்பா, யானை?”

அவள் நிமிராமல் புதுத் தாளை வாசித்தாள். “தன் தவற்றை உணர்ந்த யானை, அன்று முதல் பெரியோர் சொல் கேட்டு நடந்தது.”

நாற்பத்தெட்டு வருடத்தில் அந்த இதழ் குழந்தையாக்க முடியாத ஒருவரை அவள் பத்தே நிமிடத்தில் குழந்தையாக்கியிருந்தாள். அடுத்த கால் மணி நேரத்தில் கிழவராக்கியும் விட்டாள்.

அவர் கையை ஊன்றி மெல்ல எழுந்தார். கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.