கிளாரியின் கடிகாரமும் என் கால்விரல் கயிறும்

யாரபில்
ஜனவரி 1991

அன்புள்ள மருமகள் நோலீனுக்கு,

உன் தாய்மாமன் மெர்வின் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். நாய் சுகம். தக்காளி வெயிலில் வெந்துபோனது. அங்கே நீயும் உன் புருஷன் ரஸ்ஸலும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அப்பா கிளாரியைப் போன ஏப்ரலில் அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு அவனும் வழக்கம்போலத்தான் இருக்கிறான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் நடுவில் "மாமா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பாய். காகிதம் குறுக்கே பேசாது.

முதலில் உன் கடிதத்துக்குப் பதில். இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலிக்கு மேலே போகிற கயிற்றை மாத முடிவுக்குள் அவிழ்த்துவிடச் சொல்லியிருக்கிறாய். உன் அப்பா வீட்டை வாங்கப்போகிறவர்கள் கேட்கிறார்களாம். முடியாது. மேலே படிக்க நேரமில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள். நேரமிருந்தால் காரணத்தைக் கேள்.

நானும் உன் அப்பாவும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோம், ஒரே குழுவில் நியூகினிக் காட்டுக்குப் போனோம். அங்கே காவல் என்றால் ஒருவன் எங்கள் குழிகளுக்கு முன்னால் ஊர்ந்துபோய்ப் புதருக்குள் தனியாகப் படுத்திருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அவன் மணிக்கட்டிலிருந்து ஒரு கயிறு, பின்னால் குழியில் தூங்குகிற அடுத்த ஆளின் மணிக்கட்டுக்கு வரும். ஒருமுறை இழுத்தால் முழிச்சிருக்கியா. இருமுறை இழுத்தால் முழிச்சிருக்கேன். மும்முறை இழுத்தால் என் முறை முடிஞ்சது, வந்து என்னை மாத்திவிடு. விடாமல் இழுத்தால் எதிரி. மாற்ற ஆள் வராமல் முன்னால் கிடப்பவன் எழுந்து வரக் கூடாது, செத்தாலும் வரக் கூடாது என்று எங்கள் சார்ஜென்ட் சொல்வார். உன் அப்பா அதை இப்படி அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொள்வான் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

எங்கள் குழு முழுவதற்கும் ஒரே ஒரு கடிகாரம், இருட்டில் முள் பச்சையாக ஒளிரும். காவலுக்குப் போகிறவன் கையில் அது மாறிக்கொண்டே இருக்கும். உன் அப்பா தன் முறையில் அதன் முள்ளை முன்னால் தள்ளிவைத்துவிட்டு மும்முறை இழுப்பான். நான் ஊர்ந்துபோய்ச் சேர்ந்தால் காதோடு சொல்வான்: "மச்சான், உன் நேரம் வந்துருச்சு."

"இப்பத்தானேடா படுத்தேன்."

"நானா சொல்றேன்? கடிகாரம் சொல்லுது. அதுகிட்ட சண்டை போடு."

மலேரியா மாத்திரை தின்று எல்லாரும் மஞ்சளாக இருந்தோம், பொய் சொல்கிறவன் முகம் வெளுத்தால்கூடத் தெரியாது. என் தங்கை, அதாவது உன் அம்மா டல்சியை அவன் கட்டுவதற்கு முன்பே என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டான். என் பையிலிருந்த குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. சண்டை முடிந்ததும் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆற்றில் விழுந்துவிட்டது என்று அதிகாரியிடம் சொல்லி அதையும் வைத்துக்கொண்டான். அதுதான் இப்போது ரஸ்ஸல் கையில் கட்டியிருப்பது. ஆக, நாங்கள் போரிட்ட காலம் முழுவதும் உன் அப்பா தூங்கிய தூக்கத்தில் பாதி என்னுடையது. இதைப் படைவீரர் சங்கத்தில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சிரிக்கிறார்கள்.

ஊருக்கு வந்தபின் அவன் மாவு ஆலையில், நான் ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்க்கிற குழுவில். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மீதியைத் தண்டவாள ஓரத்தில் சாப்பாடு சுற்றி வந்த செய்தித்தாளில் படித்துக்கொண்டேன். படைவீரர் கடனில் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டினோம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, விடியலும் அந்தியும் தவிர. காட்டில் அந்த இரண்டு நேரத்தில்தான் எதிரி வருவான். எல்லாரும் குழிக்குள் ஆயுதத்தோடு அசையாமல் காத்திருப்போம். வீட்டிலும் அந்த நேரத்துக்கு இரண்டு பேரும் பின்படியில் வந்து நிற்போம், வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ஒருநாள் அவன் கயிறு கட்டினான். இங்கே பூட்ஸ் போட்டுப் படுப்பதில்லை என்பதால் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டோம். உன் அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"ஏங்க, கல்யாணம் பண்ணிக்கிட்டது என்னையா, எங்கண்ணனையா? கயிறு அந்தப் பக்கம் போகுது."

"உன்னைத்தான் புள்ள. உனக்குக் கயிறு வேணாம், நீ கூப்பிட்டா நாலு தெருவுக்குக் கேக்கும்."

இனி ஏப்ரலுக்கு வருகிறேன். அடக்கம் முடிந்து, நீங்கள் எல்லாரும் கிளம்பிப்போய், வீட்டைப் பூட்டியாகிவிட்டது. கயிற்றின் அந்த முனை அவன் பின்படிக் கம்பியில் சுற்றிக் கிடந்தது. அந்திக்கு என் படியில் உட்கார்ந்தேன். பழக்கம், விரலில் கயிற்றை மாட்டினேன். ஒருமுறை இழுத்தது. காற்று என்று நினைத்தேன், அன்றைக்கு ஒரு இலைகூட ஆடவில்லை. பழக்கம், நானும் இருமுறை இழுத்தேன். அதன்பிறகு நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. சங்கச் செயலாளர் லிண்ட்சேயிடம் சொன்னேன். "கூரையில ஓடுற போசம் ஏதாவது கயித்துல ஏறி உக்காந்திருக்கும் மெர்வ்," என்றார். போசத்துக்கு இழுக்கத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒருமுறை இழுத்து, பதில் வந்ததும் நிறுத்த அதற்கு யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்டேன். எனக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

பிறகு உன் வீட்டுத் தரகர் வந்தார், ஆட்களுக்கு வீட்டைக் காட்ட. கயிறு தொப்பியைத் தட்டிவிட்டதாம், செடி வெட்டுகிற கத்தரியை எடுத்து என் கண்ணெதிரே நறுக்கிவிட்டார். "ஒண்ணுமில்ல பெரியவரே, பழைய கொடிக்கயிறு." என் பக்கத்துத் துண்டு தக்காளிப் பாத்தியில் விழுந்து கிடந்தது, மறுமுனையில் எதுவும் இல்லை. அன்று அந்திக்கு, சும்மா பார்ப்போமே என்று விரலில் மாட்டினேன். தரையில் கிடந்த கயிறு புழுதியைக் கோடு கிழித்துக்கொண்டு நீண்டது, நோலீன். ஒருமுறை இழுத்தது. நாய் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது. அறுந்த கயிறு இழுபடுவது எந்த ஒழுங்கிலும் சேராது என்பதால் மறுநாள் காலையில் நானே முடிச்சுப் போட்டுச் சரிசெய்தேன்.

இப்போது அந்த வீட்டில் விற்பனை முடியும்வரை வாடகைக்கு இருக்கிற பெண் லீயேன் நல்ல பிள்ளை. ஆனால் ஒருநாள் விடியலில் கைக்குழந்தையின் ஈரத்துணிகள் முழுவதையும் என் கயிற்றில் காயப்போட்டுவிட்டாள். விடாமல் இழுத்தது. விடாமல் இழுத்தால் என்னவென்று மேலே எழுதியிருக்கிறேன். நான் மண்வெட்டியோடு பீன்ஸ் கொடிக்கு நடுவே குப்புறப் படுத்துக் காத்திருந்தேன், உள்ளாடையோடு என்பதையும் மறைக்கவில்லை. வேலிக்கு மேலே தலை நீட்டினாள்.

"தாத்தா, விழுந்துட்டீங்களா?"

"பேசாதே. குனிஞ்சுக்கோ."

குனிந்துகொண்டாள், நல்ல பிள்ளை என்றேனே. கொஞ்ச நேரம் கழித்து வேலிக்கடியிலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? தினமும் எங்க பின்படில தேயிலைச் சக்கையைக் கொட்டுறது நீங்களா?"

நான் வெந்நீரில் முக்கி எடுக்கிற பொட்டலத் தேநீர் குடிக்கிறவன், என்னிடம் சக்கையே கிடையாது. தகரக் குவளையில் தேயிலையை அப்படியே போட்டுக் குடித்துவிட்டு, அடியில் இருப்பதைத் தோளுக்குப் பின்னால் வீசுகிறவன் யார் என்று உனக்கே தெரியும். அதற்காக உன் அம்மா சாகும்வரை அவனோடு சண்டை போட்டாள். நான்தான் கொட்டினேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இந்த அவமானமும் உன் அப்பா கணக்கில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து அந்திக்கு ஒருமுறை இழுப்பதில்லை. மும்முறை இழுக்கிறது. நான் பதில் சொல்வதில்லை. காலை உதறிவிட்டு உள்ளே போய்விடுகிறேன், மறுநாள் மறுபடி மும்முறை. அவன் பொறுமையாகத்தான் இழுக்கிறான், அவசரமே இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் முறை இன்னும் வரவில்லை. அவன் முள்ளைத் தள்ளிவைத்திருக்கிறான், எப்போதும் செய்வது போல. இந்தத் தடவை நான் ஏமாறப் போவதில்லை. தன் நேரம் முழுவதையும் நின்று முடிக்கட்டும். அதற்காகக் கயிற்றையும் அவிழ்க்க முடியாது. அவிழ்த்தால் அவன் எப்போது மாற்றிவிடக் கேட்கிறான் என்றே எனக்குத் தெரியாமல் போய்விடும், மாற்ற ஆளில்லாமல் அங்கேயே கிடப்பான். திருடனாக இருந்தாலும் அப்படி விட முடியாது.

ஆகையால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ரஸ்ஸல் கையிலிருக்கிற கடிகாரத்தை வானொலி மணியோடு வைத்துப் பார். எவ்வளவு முன்னால் ஓடுகிறது என்று எழுது. அவ்வளவு நேரம் எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அதைக் காட்டி அவனோடு நான் பேசிக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் வீட்டில் நோய்நொடி வராமல், அடுப்பு அணையாமல், எல்லாரும் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
மெர்வின் டக்வெல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நீ தொலைபேசியில் கூப்பிட்டாய். நான் ரஸ்ஸலைக் கூப்பிடச் சொல்லிக் கடிகாரம் பார்க்கச் சொன்னது எதற்கு என்று உனக்குப் புரிந்திருக்காது, மேலே படித்திருந்தால் இப்போது புரிந்திருக்கும். அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன்: "மாமா, அரைமணி பின்னாடி நிக்குது. தினமும் சரி பண்றேன், காலைல பாத்தா மறுபடி யாரோ பின்னாடி தள்ளிவெச்ச மாதிரி இருக்கு." முன்னால் இல்லை, பின்னால். இரண்டுமுறை கேட்டேன். அப்படியென்றால் என் நேரம் எப்போதோ வந்துவிட்டது, அவன் என் முறையையும் சேர்த்து நின்றுகொண்டிருக்கிறான். இது எனக்குத் தெரியாது. நீ கேட்டபடி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டேன், இனித் தேவைப்படாது. வீட்டை விற்றுக்கொள். நாயை லீயேன் பார்த்துக்கொள்கிறாளாம். சவரம் செய்துவிட்டேன், பூட்ஸ் துடைத்தாயிற்று, அந்திக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. உன் அப்பாவைத் திருடன் என்று மேலே எழுதியதை யாரிடமும் சொல்லாதே. அவனிடம் நான் நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன்.