கேழ்வரகுக் குழிமேல் கிரானைட்

வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் வெள்ளையடித்து வைப்பதுதான் மரியாதை. இது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். படித்தவர்களுக்கு மட்டும் தெரியாது.

நான் படித்தது ஐந்தாவது. ஓசூரில் லேத்துப் பட்டறையைக் கூட்டிப் பெருக்கத் தொடங்கியவன், இன்றைக்குப் பெரிய கம்பெனிகளுக்குப் பார்ட்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். (சும்மா அளக்கவில்லை, வந்து பாருங்கள்.) ராயக்கோட்டை ரோட்டில் எங்கள் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. மண் சுவர், தேக்குத் தூண், கூடத்துக்கு நடுவில் கேழ்வரகு கொட்டி வைக்கும் ஆழமான குழி. பஞ்சத்தில் தாத்தா அந்தக் குழியைத் திறந்துதான் ஊருக்கே களி கிண்டிப் போட்டாராம். பாகம் பிரித்தபோது வீடு எனக்கு வந்தது. (வர வைத்தேன் என்றும் சொல்லலாம்.) அண்ணனுக்குக் கொல்லையில் இருந்த மாட்டுக் கொட்டகை. அதிலேயே குடியிருந்தார்.

ஊரில் ஒரு குழு சேர்ந்து அருங்காட்சியகம் வைக்கப் போவதாகச் சொல்லி வீட்டைக் கேட்டார்கள். கொடுத்தவர் பெயரை வாசலில் கல்லில் வெட்டுவார்களாம். எனக்கு அது போதும். கேட்ட வாய் மூடுவதற்குள் சரி என்றேன். முதலில் ஒரு மேடம் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்றார்கள்.

மேடம் வருவதற்குள் சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தேன். தூணுக்குத் தங்கக் கலர். குழியை ஜல்லி கொட்டி மூடி, கூடம் முழுக்கக் கறுப்பு கிரானைட். குனிந்தால் முகம் தெரியும்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். “ஏன்டா, பழசப் பாக்கத்தான வர்றாங்க?”

“கொட்டாயில கெடக்கறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது, போண்ணா.”

மேடம் வந்தார். வாசலிலேயே நின்று, “ஐயா, அந்தப் பழைய வீடு எங்க?” என்றார்.

“இதுதாம்மா.”

“கேழ்வரகுக் குழி?”

“அதுமேலதான் நிக்கிறீங்க.”

அந்த அம்மா காலைத் தூக்கிப் பார்த்தார். நான் காபி சொன்னேன். கை கழுவ வேண்டும் என்று கொல்லைப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், கொட்டகையில் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். தாத்தா காலத்து மண் சுவர் அங்கே அப்படியே இருந்தது. நான் தூக்கி எறிந்த திரிகையில் அண்ணி கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா போட்டோ எடுத்துக்கங்கம்மா,” என்றார் அண்ணன். “வெள்ளையடிக்க எனக்கு வக்கில்ல.” சொன்னது மேடத்திடம். பார்த்தது என்னை.

இப்போது கொட்டகைதான் அருங்காட்சியகம். கல்லில் அண்ணன் பெயர். குடியிருந்த இடம் போய்விட்டதால் அவரையும் அண்ணியையும் என் சம்சாரமே எங்கள் கூடத்துக்குக் கூட்டி வந்துவிட்டாள். கிரானைட்டில் படுத்தால் முதுகு சில்லென்று இருக்கிறதாம். குறை வேறு.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கி என் கேட்டைத்தான் தட்டுகிறார்கள். “மியூசியம் பின்னாடி கண்ணு, இங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல,” என்று சம்சாரம் அனுப்பி வைப்பாள். இப்போது என்னைத் தேடி வரும் சொந்தக்காரர்களிடமும் அதையே சொல்கிறாள். நான் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போதே.