வெயில் பார்த்த மண்

குழாயின் மூடி கழன்று, உள்ளேயிருந்த மண் அத்தனையும் பட்டப்பகல் வெயிலில் கொட்டிக் கிடந்தது. லோமுரியா காலிக் குழாயைப் பிடித்தபடி நின்றான்.

ஆதிமனிதனின் தாடை எலும்பு கிடைத்த அடுக்கிலிருந்து, கனத்த கறுப்புத் துணிக்குள் புகுந்து, குழாயை அடித்து இறக்கி எடுத்த மண் அது. புதைந்த நாளிலிருந்து வெளிச்சமே படாதது. எத்தனை காலம் இருட்டில் கிடந்தது என்று சோதனைக்கூடத்தில் அளந்தால் எலும்பின் வயது தெரிந்துவிடும். கொஞ்சம் வெயில் பட்டாலோ போச்சு, நேற்றுப் புதைந்த மண் என்றுதான் காட்டும்.

"அதைத் தொட்டே, அத்தோட உன் வேலை போச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் கவீரா அம்மா காலையில் லோட்வார் நகரத்துக்குக் கிளம்பினார். நிழலுக்கு நகர்த்துவோமே என்று இவன் கை வைத்தது தலையெழுத்து. அகழாய்வு முகாமில் வேலை என்பதற்காகத்தான் அடுத்த ஊர்க்காரர் இவனுக்குப் பெண் தரவே சம்மதித்திருந்தார். வேலை போனால் பெண்ணும் போச்சு.

"என்னடா, பேயடிச்ச மாதிரி நிக்கிறே?" சமையல்காரர் எசேகோன் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லண்ணே. சும்மாதான்."

அவர் தலை மறைந்ததும் மண்ணை அள்ளிப் போட்டான். ஆட்டுப் புழுக்கையும் சேர்ந்து உள்ளே போயிற்று. பொறுக்கி எடுக்கலாமென்று கவிழ்த்தான். பாழாய்ப்போன காற்று பாதி மண்ணை வாரிக்கொண்டு போனது.

வேறு வழியில்லை. குழாயோடு, எலும்பு கிடைத்த குழிக்கு ஓடினான். கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, அதே அடுக்கில் குழாயை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தான். குழிச் சுவரே சரிந்து அவனை இடுப்புவரை மூடியது. கண்ணும் தெரியவில்லை, காலும் அசையவில்லை. செத்தோம் என்று நினைத்தான். மேலே டாக்டரின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதற்குச் சாவே தேவலை என்று தோன்றியது.

துணி விலகியது. டாக்டர் கவீரா. அவர் பின்னால் எசேகோன்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?"

எல்லாவற்றையும் ஒப்பித்தான். "வேணும்னு பண்ணல டாக்டர். மூடி தானா கழண்டுடுச்சு. வேலையை விட்டு மட்டும் தூக்கிடாதீங்க."

"ரெண்டு வருஷ உழைப்பு. ஒரே நாள்ல நாசமாக்கிட்டியே. நாளைக்கு உன் முகத்தை நான் இங்கே பார்க்கக் கூடாது."

லோமுரியா அழுதேவிட்டான்.

எசேகோன் தயங்கித் தயங்கி டாக்டரின் காதருகே குனிந்தார். மெதுவாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"ஏன் டாக்டரம்மா, காலையில நீங்க தட்டிவிட்டுக் கொட்டின இதே மண்ணை நாம ரெண்டு பேரும் அள்ளிப் போட்டு மூடினோமே, அதை இவன்கிட்டகூடச் சொல்லக் கூடாதா?"