உறுதிப்படுத்தப்பட்ட காதல்

ஓர் ஆணும் பெண்ணும் முதன்முறையாகச் சந்தித்துப் பேசுவது அவர்கள் இருவரின் சொந்த விவகாரம் என்று மாத்தளை சந்திரகாந்தா மனப்பூர்வமாக நம்பியிருந்தாள். நாட்டின் பாதுகாப்பைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

லெட்சுமணன் மிளகும் கராம்பும் விற்கும் கடையில் வேலை செய்கிறவன். போனில் நன்றாகத்தான் பேசினான். நேரில் ஒருமுறை பேசிப் பார்ப்பது, பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்பது அவள் திட்டம். சட்டைத் துணியின் நிறத்தைக்கூட அப்பா தீர்மானிக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு, அந்த 'வேண்டாம்' தன் கையில் இருப்பது பெரிய சந்தோஷமாக இருந்தது.

மாத்தளையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டால் ஊரே பார்க்கும். ஆகவே தம்புள்ளைக்குப் போவதென்று முடிவாயிற்று. ஒரே பஸ், வெவ்வேறு சீட், முன்பின் தெரியாதவர்கள் மாதிரி முகம்.

வழியில் இராணுவச் செக்பொயின்ட். எல்லாரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. யுத்த காலத்தில் அந்த வரிசையில் நிற்கிற எவரும் துப்பாக்கியைத்தான் பார்ப்பார்கள். இவர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவசரமாக வானத்தைப் பார்த்தார்கள். சார்ஜன்ட் அதைக் கவனித்துவிட்டார்.

"இவனைத் தெரியுமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"தெரியாது சேர்," என்றாள் அவள்.

"தெரியும் சேர்," என்றான் அவன், அதே நேரத்தில்.

பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

சார்ஜன்ட் பொல்லாதவர் அல்லர், ஒழுங்கு தெரிந்தவர். "காதலா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சேர். பேசிப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணனும்," என்றாள் சந்திரகாந்தா.

"அப்படி ஒரு பிரிவு கிடையாது. காதலர்கள் என்றால் போகலாம். இல்லையென்றால் சந்தேகத்துக்குரிய நபர்கள். முடிவு செய்யாதவர்களை நான் எங்கே வைப்பது? குடும்பத்தார் வந்து காதலை உறுதிப்படுத்தட்டும்."

வீடுகளுக்குத் தகவல் போய், இரண்டு த்ரீவீலர்கள் வந்து நின்றன. மகள் பையன்களோடு பேசினால் காலை முறிப்பேன் என்கிறவர் சந்திரகாந்தாவின் அப்பா சிவலிங்கம். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் இப்படியொரு சந்தேகத்தில் உள்ளே போய் மாதக்கணக்காகத் திரும்பவில்லை. அவர் இறங்கியதுமே சார்ஜன்டிடம் ஓடினார்.

"காதல்தான் சேர்! ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். நானேதான் பஸ் ஏத்தி விட்டேன்!"

லெட்சுமணனின் அம்மா கிருஷ்ணம்மா விட்டுக்கொடுக்கிற ஆளா? "எனக்கு நாலு வருஷமா தெரியுங்க சேர்!"

"ஒரே காதலுக்கு இரண்டு வயதா?" சார்ஜன்டின் புருவம் உயர்ந்தது.

"நடுவுல மூணுன்னு வச்சிக்கங்க சேர். தையில கல்யாணம்!" என்றார் சிவலிங்கம்.

விடுதலை கிடைத்தது. தம்புள்ளைக்குப் போவதாக விசாரணையில் சொல்லியாயிற்று, போகாமல் திரும்பினால் அதுவும் சந்தேகத்துக்குரியது. ஆகவே நாலு பேரும் தம்புள்ளைக்கே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். எந்த ஐஸ்கிரீம் வேண்டும் என்று லெட்சுமணன் தன் அம்மாவிடம் கேட்டான். அம்மா சேலைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்தாள். அவனும் வாகாக முகத்தைத் திருப்பிக் கொடுத்தான். சந்திரகாந்தாவுக்கு அப்போதே மனசு தெளிந்துவிட்டது.

திரும்பும் பஸ் அதே செக்பொயின்டில் நின்றதும் அவள் நேரே சார்ஜன்டிடம் போனாள்.

"சேர், பாத்தாச்சு. எனக்கு இவர் வேணாம்."

சிவலிங்கம் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"அப்படியானால் காலையில் சொன்னது பொய்," என்றார் சார்ஜன்ட் வருத்தத்தோடு. "மீண்டும் விசாரிக்க வேண்டும். முடியும்வரை பஸ் இங்கேயே நிற்கட்டும்."

வரிசை கலகலத்தது. தக்காளிப் பெட்டிக்காரர் முதலில் கத்தினார். "காதல்தான் சேர், மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே!"

"தங்கச்சி வெக்கத்துல சொல்லுது சேர்," என்றாள் காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டிருந்த ஒரு தாய்.

"காதல் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்," என்றார் சார்ஜன்ட்.

இரண்டு வரிசையும் தூக்கின. கொண்டக்டர் இரண்டு கைகளையும் தூக்கினார். லெட்சுமணனின் கையை அவன் அம்மா பிடித்துத் தூக்கிவிட்டாள்.

சந்திரகாந்தா அத்தனை கைகளையும் பார்த்தாள். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவளும் நேரத்தோடு வீடு போய்ச் சேர வேண்டுமே. மெதுவாகத் தன் கையையும் தூக்கினாள்.