பழைய கார் பார்க்கக் கூடப் போகிறவர்

பழைய கார் வாங்கப் போகிறவன் தனியாகப் போகமாட்டான். விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவான். அந்தக் கூடப் போகிறவர் இருக்கிறாரே, அவர் ஒரு தனி இனம். காரைக்குடியில் தெருவுக்கு இரண்டு பேர் உண்டு. எங்கள் தெருவில் ஒருவன் நான். எனக்குச் சொந்தமாக இருப்பது சைக்கிள்.

இவர் காரைக் கண்டதும் கிட்டே போய்விடமாட்டார். பத்தடி தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டி, தலையைச் சாய்த்து "ம்ம்" என்பார். பிறகு ஒரு சுற்றுச் சுற்றி, டயரை இரண்டு உதை உதைத்து, கதவைத் திறந்து சாத்தி அந்தச் சத்தத்தை ரசித்து, சீட்டில் உட்கார்ந்து குதித்து, ஹாரனை அடித்து, குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்து (அங்கே என்ன இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது), எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். டயரை உதைத்தால் என்ன தெரியும்? கால் வலிப்பது தெரியும்.

அறுபத்தெட்டாம் வருஷம் சின்னராஜ் என்னை இப்படித்தான் அழைத்துப்போனான். மனைவி அற்புதம்மாளின் வயலை விற்று, வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பதென்று முடிவு செய்திருந்தான். கீழச்சிவல்பட்டியில் ஓர் ஆச்சி வீட்டுக் கார். பன்னிரண்டு வருஷ வண்டி. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் வெளியே வரும். முகப்பில் ஆயுத பூஜைச் சந்தனம் அடுக்கடுக்காக அப்பியிருந்தது. "வருஷம் தவறாமப் பூஜை போட்ட வண்டிப்பா" என்றேன், சர்வீஸ் கணக்கையே படித்துவிட்டவன் மாதிரி.

சின்னராஜ் மட்டும் தயங்கி, அந்த வீட்டு டிரைவர் பெத்தனிடம் கேட்டான்: "எஞ்சின் ஆயில் எப்பண்ணே மாத்துனீக?"

"மாத்துறதா?" பெத்தனுக்குக் கோபமே வந்துவிட்டது. "கொறையக் கொறைய ஊத்திக்கிட்டே வாரேன். ஆச்சி வீட்டுச் சாமி விளக்குல இருக்குற எண்ணெயக் கீழ கொட்டிப்புட்டா புதுசு ஊத்துறாக?"

ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிக் காட்டினார். நுனியில் கன்னங்கரேலென்று களிம்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல இந்த இனத்துக்கு நாக்கு வராது. இரண்டு விரலால் தேய்த்தேன், மோந்து பார்த்தேன்.

"நல்ல பதம். பன்னண்டு வருஷமா ஊறுன ஆயிலு, இத எடுத்தாத்தான் கெடுதல். கண்ண மூடிக்கிட்டு வாங்கு."

அவனும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டான்.

முதல் சவாரி காளையார்கோவிலுக்கு, ஒரு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு. பாதி வழியில் எஞ்சின் ஜாம். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக மாட்டு வண்டியில் முகூர்த்தத்துக்குப் போனார். மறுநாள் மெக்கானிக் வீரையா எஞ்சினைப் பிரித்து, உள்ளேயிருந்து ஆயில் இறுகிப்போன கறுப்புக் கட்டிகளை அல்வா மாதிரித் தோண்டித் தாளில் வைத்தார். எஞ்சின் இனித் தேறாது என்றார்.

"இந்த வண்டியப் பாத்து வாங்கச் சொன்ன புண்ணியவான் யாரு?"

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சின்னராஜ் என்னைப் பார்க்கவே இல்லை. "நானாத்தாண்ணே வாங்குனேன்" என்றான்.

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கால் தானாகப் போய் டயரை உதைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வயலும் போய், காரும் போய், சின்னராஜ் லாரியில் கிளீனராகப் போனான்.

என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், சரி. 'அந்தக் குச்சியைப் பார்த்த மாத்திரத்தில் நான் சொல்லியிருப்பேனே' என்று மனசுக்குள் ஒரு வார்த்தை ஓடியதா இல்லையா? எங்கள் தெருவில் கார் பார்க்கக் கூடப் போகும் அந்த இரண்டாவது ஆளும் இதையேதான் சொன்னார். அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. உங்களிடம்?