துண்டுக்குள் நடந்த யுத்தம்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே அதிகம் சண்டை போட்ட மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் கவசம் அண்ணனைச் சொல்வேன். ஆயிரம் சண்டைக்குக் குறையாது. அத்தனையிலும் அவர் ஒருவரையும் காயப்படுத்தியதில்லை, அவர் மேலும் ஒரு தூசி விழுந்ததில்லை. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையின் கிட்டங்கியில், மத்தியானச் சாப்பாடு முடிந்து வேலை தொடங்குவதற்குள், மூட்டை மேல் உட்கார்ந்தபடியே எல்லா யுத்தத்தையும் அவர் நடத்தி முடித்துவிடுவார்.

அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. நான் அந்தக் கடையில் கடிதம் எழுதும் குமாஸ்தா. அண்ணன் மூட்டைகளை எடை போடுகிறவர். அதற்கு முன் இருபது வருடம் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். முழங்கால் போன பிறகு எங்கள் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள். கன்றுக்குட்டி நிமிர்ந்து பார்த்தாலே இரண்டடி பின்னால் போகிற தைரியசாலி. இப்பேர்ப்பட்டவருக்குக் கவசம் என்று பேர் வரக் காரணம் அவருடைய அக்கா மகன்.

அந்தப் பையன் கப்பலில் வேலை பார்த்தான். ஏதோ ஒரு துறைமுகத்தில், அட்டையில் சிறகு முளைத்த பாம்பும் வாள் பிடித்த ஆளும் இருந்ததைப் பார்த்து, மாமாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு விளையாட்டுப் புத்தகத்தை வாங்கி வந்தான். நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகத் தங்களைப் பாவித்துக்கொண்டு, பகடை உருட்டிப் பூதங்களோடு சண்டை போடுகிற விளையாட்டு. வருகிற வழியில் புத்தகம் கடல் தண்ணீரில் நனைந்துவிட்டது. முன்பாதியும் பின்பாதியும் அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டன. பிரிக்க முடிந்தது நடுவில் இருந்த ஒரே ஒரு அத்தியாயம், சண்டை விதிகள். ஆகவே யார் சண்டை போடுகிறார்கள், எதற்காகப் போடுகிறார்கள், ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் கடைசி வரை எங்களுக்குத் தெரியாது. எப்படி அடிக்க வேண்டும் என்பது மட்டும் அத்துப்படி.

அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும் என்று யாரோ அவரிடம் கோள் சொல்லிவிட்டார்கள். தினம் நான் சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது புத்தகத்தோடு நிற்பார். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் தமிழில் சொல்ல வேண்டும். எதிரி போட்டிருக்கும் கவசத்துக்கு ஓர் எண் உண்டு, நம் வீச்சு அந்த எண்ணை எட்டினால்தான் அடி படும் என்று நான் சொன்ன நாளில் மனிதர் மூட்டையிலிருந்து எழுந்துவிட்டார். இருபது வருடம் சந்தையில் தேடிய ஞானம் அவருக்கு அங்கே கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் கவசக் கணக்குத்தான். கிட்டங்கிக்கு ஒரு மின்விசிறி கேட்டு முதலாளியிடம் போனோம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் அண்ணன் என் தோளைத் தட்டினார்.

“மொதலாளிக்குக் கவசம் பதினெட்டுடா தம்பி. நம்ம அடி படாது. வருத்தப்படாத.”

எனக்கு வருத்தமில்லை, வேர்த்தது, அவ்வளவுதான்.

புத்தகத்தில் கண்ட ஒரு குட்டிப் பூதத்துக்கு நான் குட்டிச்சாத்தான் என்று பேர் வைத்தேன். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் எல்லோருக்கும் பழக்கமான பேர் என்பதால் அண்ணன் ஒத்துக்கொண்டார். அந்த ஒரு குட்டிச்சாத்தானைக் கொல்ல எங்களுக்குப் பதினோரு நாள் ஆனது. நான்காம் நாளே நான் செத்துப்போனேன். செத்தவன் பேசக் கூடாது, அசையக் கூடாது என்று என்னை மூட்டை மேல் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மூணாறு பக்கத்து வியாபாரி ஒருவர் உள்ளே வந்து, பதறிப்போய், எந்தா சாரே, சுகமில்லையோ என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணன் என் வாயைப் பொத்திவிட்டு, “இவன் திங்கக்கெழமையே செத்துட்டான்” என்று அவருக்கு விளக்கம் சொன்னார். அந்த வியாபாரி அதன் பிறகு எங்கள் கடைப் பக்கம் வந்ததாக நினைவில்லை.

அண்ணனின் பெரிய குறை பகடை. இந்த விளையாட்டுக்கு இருபது முகம் உள்ள பகடை வேண்டும். புத்தகத்தோடு அது வந்து சேரவில்லை. வழியில் கப்பல்காரர்கள் விளையாடித் தொலைத்திருப்பார்கள். பாதிப் புத்தகமும் பகடையில்லாத விளையாட்டும் கையில் இருந்தால் அறிவுள்ளவன் அதைத் தூக்கிப் பரணில் போடுவான். அண்ணன் தோளில் கிடந்த சிவப்புக்கரைத் துண்டை எடுத்தார்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் வாயால் விலை பேசுவதில்லை. இரண்டு பேர் கையையும் ஒரு துண்டு மூடும். உள்ளே விரலைப் பிடித்தே விலை கேட்பதும் குறைப்பதும் நடக்கும். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் இதை அப்படியே யுத்தத்துக்குக் கொண்டுவந்தார். அடிக்கிறவனும் அடி வாங்குகிறவனும் வலது கையைத் துண்டுக்குள் விட வேண்டும். மூன்று எண்ணியதும் ஆளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை விருப்பப்பட்ட விரலை நீட்ட வேண்டும். தடவிப் பார்த்து இரண்டையும் கூட்டி, வந்த எண்ணை அடிக்கிறவன் சத்தமாகச் சொல்ல வேண்டும். எண் பெரிதானால் அடியும் பெரிது.

முதல் வாரம் முழுக்க வந்த எண் ஆறு. அடிக்கிறவன் எப்போதும் ஐந்து நீட்டினான், வாங்குகிறவன் எப்போதும் ஒன்று நீட்டினான். இதில் என்ன கோளாறு என்று அண்ணன் ஏழு நாள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு திரிந்தார். கடைசியில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சின்னமனூர்ப் பேச்சியக்கா, சுளகிலிருந்து கண்ணை எடுக்காமலே வழி சொன்னாள்.

“அஞ்சுக்கு மேல போனா அஞ்சைக் கழிச்சிருங்க. அப்ப எவன் என்ன நீட்டுனாலும் என்ன வரும்னு ஒருத்தனுக்கும் தெரியாதுல்ல.”

அப்படியே சட்டமானது. ஒன்றோ இரண்டோ வந்தால் அடி தவறியது. மூன்றும் நான்கும் பட்டது. ஐந்து வந்தால் பேரடி. இனி அண்ணனையும் ஜெயிக்கலாம் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் என் சுண்டுவிரல் துடிப்பதை வைத்தே நான் எத்தனை நீட்டப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இருபது வருடம் விரல் பிடித்த கை. ஒரு வருடத்தில் நான் அவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

ஆளுக்குப் பத்து ஏலக்காய்தான் உயிர். வெடித்துப்போன கழிவுக் காய்தான், முதலாளி பதற வேண்டாம். அடி பட்டால் ஒரு காய் போகும், பேரடிக்கு இரண்டு. போன காயை அடித்தவன் மென்றுவிட வேண்டும். சாயங்காலம் அண்ணன் என் பக்கத்தில் நின்று பேசினால் அவர் வாயிலிருந்து என் உயிர் மணக்கும்.

துண்டை மூடாமல் வெளிப்படையாக விரல் நீட்டினால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

“துண்டுக்குள்ள ரெண்டே பேருக்குத்தாண்டா தெரியும். அதுல பொய் சொன்னவனுக்குச் சந்தையில எவனும் கை குடுக்க மாட்டான். நான் ஒரு நாள் சொன்னதில்ல.”

இந்த ஞானத்தை அவர் கிட்டங்கியோடு வைத்திருந்தால் ஊருக்கு நல்லது. ஒரு நாள் போடி பஸ் ஸ்டாண்டில் இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். விலக்கிவிடத்தான் போகிறார் என்று நானும் முட்டாள்தனமாகக் கூடவே போனேன். முதலில் அடித்தவனைப் பார்த்து, உன் முறை முடிந்துவிட்டது, இப்போது அவன் முறை, திருப்பி அடிக்கும்வரை நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு டிரைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கணமே சமாதானம் ஆகி, இரண்டு பேருமாக அண்ணன் பக்கம் திரும்பினார்கள். நான் அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். முழங்கால் போன மனிதர் அன்றைக்கு என்னை முந்திக்கொண்டு ஓடினார். பின்னாலிருந்து இரண்டு பேர் தாக்கினால் கேடயம் செல்லாது என்று ஓடிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதரோடு என் கல்யாணம் சிக்கிக்கொண்டது.

சின்னமனூரில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். ஏலக்காய் சீசனில் லீவு கிடைக்காமல் பெண் பார்க்கப் போவது இரண்டு தடவை தள்ளிப்போனது. பெண்ணின் அப்பா பொறுமை இழந்து, வருகிற வியாழக்கிழமை மாப்பிள்ளை வந்தால் சரி, வராவிட்டால் தேவதானப்பட்டியில் வேறு இடம் தயாராக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதே வியாழக்கிழமைக்கு அண்ணனும் லீவு கேட்டு நின்றார். அக்கா மகனின் கப்பல் அன்று ஒரு நாள் மட்டும் கொச்சியில் நிற்கும். அவன் கையில் இருபது முகப் பகடை. இதோடு அந்தக் கப்பல் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டிலேயே தங்கப் போகிறானாம், இனி இந்தப் பக்கம் வரமாட்டானாம். பகடையை வைக்க அண்ணன் நகைக்கடையில் கேட்டு வாங்கிய சிவப்புப் பெட்டி ஒன்றை மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

முதலாளி இரண்டு பேரையும் பார்த்தார். “ரெண்டு பேரும் போனா கடையை யாரு பாப்பா? ஒருத்தன் போங்க. யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.”

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இது என் வாழ்க்கை, உங்களுடையது ஒரு பகடை என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். இதற்குப் புத்தகத்தில் விதி எதுவும் இல்லையே என்றார். பிறகு துண்டை உதறினார்.

“சண்டை போட்டுருவோம்டா. தோத்தவன் இங்கன இருக்கட்டும்.”

ஒரு பெண்ணின் கழுத்தில் நான் தாலி கட்டுவதா வேண்டாமா என்பது வெடித்த ஏலக்காயை வைத்து முடிவாகப் போகிறது. என் தலையெழுத்தை நொந்துகொண்டே உட்கார்ந்தேன். பேச்சியக்கா சுளகைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். மூட்டை தூக்குகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

அண்ணன் இரக்கமே காட்டவில்லை. என் உயிரை ஒவ்வொன்றாக எடுத்து மென்றார். என் அடிகளும் எப்படியோ அவர் மேல் பட்டன. கடைசியில் என் முன்னால் ஒரு காய், அவர் முன்னால் ஒரு காய். அவர் முறை. துண்டு மூடியது. மூன்று எண்ணினார். நான் இரண்டு விரல் நீட்டினேன்.

அவர் கையைத் தடவினேன். மூன்று விரல் நீண்டிருந்தன. இரண்டும் மூன்றும் ஐந்து. பேரடி. சின்னமனூர் பஸ் என்னை ஏற்றாமலே போய்விட்டது என்று நினைத்தேன். துண்டுக்குள் அவர் விரல் என் இரண்டு விரலையும் இன்னொரு தடவை மெதுவாகத் தொட்டுப் பார்த்தது. இடது கை மடியிலிருந்த சிவப்புப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தது.

“ஒண்ணு” என்றார் அண்ணன். “படல.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது மாட்டின் விலையை விரலிலேயே கூட்டிக் கழித்தவருக்கு இரண்டையும் மூன்றையும் கூட்டத் தெரியாதா? நான் யோக்கியனாக இருந்தால் அங்கேயே ஐந்து என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெண் பார்க்கப் போகிற அவசரத்தில் இருந்த அயோக்கியன் நான். என் முறை வந்தது, நான் நான்கு நீட்டினேன். அவர் கையிலும் நான்கு. எட்டில் ஐந்து போக மூன்று. பட்டது. அவருடைய கடைசிக் காயை வாயில் போட்டுக்கொண்டேன்.

“கெளம்பு” என்றார். “நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போ.”

வியாழக்கிழமை நான் சின்னமனூரில் கேசரி சாப்பிட்டேன். அதே நேரம் அண்ணன் போடியில் மூட்டை எடை போட்டார். கொச்சியிலிருந்து கப்பல் போய்விட்டது. வெள்ளிக்கிழமை நான் திரும்பி வந்தபோது பெண் எப்படி என்று அவர் கேட்கவில்லை. சிவப்புப் பெட்டியில் மூக்குப்பொடி வைத்திருந்தார். கிட்டங்கிச் சுவரில் கரியால் எழுதிவைத்திருந்த விதிகளுக்குக் கீழே புதிதாக ஒன்று ஏறியிருந்தது. துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்கிறவன் தன் முறை ஒன்றை இழந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்கும் அவளுக்கும் அந்த ஆவணியில் கல்யாணம் ஆனது. இந்த விஷயம் இன்றுவரை அவளுக்கும் தெரியாது. இந்த இதழைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். அண்ணன் இப்போதும் போடியில்தான் இருக்கிறார். அவர் சவரம் செய்துகொள்கிற கடையில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்று கேள்வி. யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால், அவரைக் கிறுக்கர் மாதிரி நான் எழுதியதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், விதியை மீறியதற்குத்தான் கோபித்துக்கொள்வார்.

அண்ணே, அது ஐந்து. இத்தனை வருஷம் கழித்து வெளியே சொல்லிவிட்டேன். விதிப்படி நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் முறை.